நெஞ்சுயரத்தில் மஞ்சள் கோடு

முப்பத்தொன்று புள்ளி நான்கு என்று ஆவுடை அண்ணன் கூவுகிறார், முப்பத்தொன்று புள்ளி நான்கு என்று நான் திருப்பிக் கூவுகிறேன், அப்புறம்தான் அவர் மரத்தின் இடுப்பிலிருந்து டேப்பை அவிழ்க்கிறார். இது நான் போட்ட சட்டம். எழுதுகிறவள் திருப்பிச் சொல்லாதவரை அளக்கிறவர் டேப்பை எடுக்கக் கூடாது, எறும்பு கடித்தாலும் சரி, செட்சி ஈ முதுகில் உட்கார்ந்தாலும் சரி, மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுவாஹிலியில்தான் கூவ வேண்டும் என்பதும் என் சட்டம், கூட வருகிற எல்லாருக்கும் புரிய வேண்டும், எங்கள் இரண்டு பேருக்குள் தமிழில் முடிந்துபோகிற ரகசியமாக எண் இருக்கக் கூடாது என்று பெரிதாகப் பேசி வைத்தேன். ரகசியமாம். நான் வட்டத்தின் நடுவில் நிற்கிறேன். இடது கையில் நீள டேப்பின் பூஜ்ய முனை, வலது கையில் பேனா, முழங்கையில் அட்டை. ஊர்க்காவலன் ஈலியா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி வருகிறான், மாடு செக்கைச் சுற்றுவதுபோல, அவனுக்கு உள்ளே நிற்கிற மரங்கள்தான் எங்கள் மரங்கள், வெளியே நிற்பது எதுவும் எங்களுக்கு இல்லை. வெளியே நிற்பது எதுவும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை இந்த வாக்கியத்தில் எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. என் குரல் எப்படி இவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வாய் பாட்டுக்கு எண்ணைச் சொல்கிறது. இன்னும் மழை வரவில்லை. இந்தக் காடு மழைக்கு முன்பே தளிர்த்துவிடும், தளிரெல்லாம் செக்கச் செவேலென்று இருக்கும், முதல் வருஷம் பார்த்தபோது காடு வெட்கப்படுகிறது என்று நான் சொன்னேன், ஆவுடை அண்ணன் சிரித்துவிட்டு, கவிதை எழுதறதுன்னா ராத்திரி எழுது பிள்ளே, இப்ப எண்ணை எழுது என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். எட்டு வருஷமாக நினைத்தேன்.

ஒதுங்கத்தான் போனேன். அவ்வளவுதான். காட்டில் வேலை செய்கிற ஆம்பிளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை, திரும்பி நின்றால் முடிந்தது, எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு திட்டம் வேண்டும். இந்த வட்டத்தில் எப்போதும் ஜீப் நிற்கிற பாதைப் பக்கம்தான் போவேன். இன்று டிரைவர் ரஜபு அங்கே நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். எழுந்து போ என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் மறுபக்கம் மேடேறினேன். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. போகக் கூடாது. அந்தப் பக்கம் மட்டும் போயிராத பிள்ளே, அங்கன மாம்பா கெடக்கு, கடிச்சா ஐயோன்னு சொல்லக்கூட நேரம் தராது என்று முதல் வருஷமே ஆவுடை அண்ணன் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கடையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சாரைப்பாம்பு ஒன்று வந்ததற்கு நான் கட்டில்மேல் ஏறி நின்று விடிய விடிய இறங்காத கதையை நானே அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்று அவசரம் பயத்தை மீறிவிட்டது. ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன், அதனால் காட்டைப் பார்க்கவில்லை. மேட்டின் உச்சியில் திடீரென்று என் நிழல் தெளிவாக விழுந்தது. வெயில். உச்சி வெயில் தடையில்லாமல் என் தலைமேல். நிமிர்ந்தேன். காடு இல்லை.

நாற்பது புள்ளி பூஜ்யம். நாற்பது புள்ளி பூஜ்யம். காடு இல்லை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், நான் எண்ணை வைத்துப் பேசுகிறவள், சும்மா இல்லை என்று சொன்னால் போதாது. அடிக்கட்டைகள். பார்த்த தூரமெல்லாம் அடிக்கட்டைகள். சில பழசாகிக் கறுத்து, சிலவற்றில் இந்த வருஷத்துத் துளிர் ஒன்றிரண்டு சிவப்பாக எட்டிப்பார்த்துக்கொண்டு, சிலவற்றில் வெட்டுவாய் இன்னும் மஞ்சளாக ஈரமாக. நடுநடுவே மண்ணைப் போட்டு மூடிய கரிமூட்டங்கள், ஒன்றிரண்டின் ஓரத்திலிருந்து நீலப்புகை. திரும்பிப் பார்த்தால் எங்கள் வட்டம், அதை ஒட்டிப் பாதைவரைக்கும் ஒரு கீற்றுக் காடு, மொட்டைத் தலையில் விட்ட குடுமி மாதிரி. நான் வந்த காரியத்தையே மறந்து நின்றேன். பிறகு ஞாபகம் வந்து ஒரு அடிக்கட்டையின் மறைவில் உட்கார்ந்தேன், மறைவென்று சொல்வதே அதிகம், முழங்காலுக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில் எது மறைவு. எழுந்து சேலையை, இல்லை, இங்கே நான் சேலை கட்டுவதில்லை, கால்சட்டையைச் சரிசெய்து நிமிர்ந்தபோது மூட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வதிவு. இந்த ஊரில் யாருக்கும் வடிவு என்று சொல்ல வராது. மாமா பராக்கா. பராக்காவின் அம்மா. இங்கே அம்மாக்களை மாமா என்பார்கள், வந்த புதிதில் எல்லாப் பெண்களையும் மாமா மாமா என்று கூப்பிட எனக்குச் சிரிப்பாக வரும். வருஷா வருஷம் எனக்கு மாம்பழம் கொண்டுவந்து கொடுக்கிறவள். கை, முகம், தலைத்துணி எல்லாம் கரித்தூள். என்னைப் பார்த்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியவர்களைப் பார்த்தால் சொல்ல வேண்டிய வணக்கத்தைச் சொன்னேன், ஷிகாமூ. மரஹபா மகளே என்றாள். வெட்டவெளியை ஒரு சுற்றுப் பார்த்த என் முகத்தில் என்ன கண்டாளோ, பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டினாள். பயப்படாதம்மா, உன் மரம் ஒன்றையும் நாங்க தொடல என்றாள். மஞ்சக்கோடு போட்டதெல்லாம் நெட்டுக்கு நிக்குது, போய்ப் பாரு. என் ஆட்டைக்கூட அதுல கட்ட விடமாட்டேன். போன வருஷம் என் கொழுந்தன் ஒரு மரத்துல கோடாலிய வைக்கப் போனான், நான்தான் ஓடிப்போய் மறிச்சேன், அது வதிவோட மரம்டான்னு. யார் சொன்னார்கள் தொடக்கூடாதென்று, கேட்டேன். ஏன், ப்வானா ஆவுதான் என்றாள், ஆவுடை ஐயா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. நீ வந்த முதல் வருஷமே பொம்பளைகளை எல்லாம் கூட்டி உக்காரவச்சுச் சொன்னாரே. மஞ்சக்கோடு போட்ட மரம் அந்தப் பொண்ணோட உயிர். அது விழுந்தா அவ வேலை போயிரும். ஊர்ல அவளுக்குப் புருஷன் இல்ல, அவன் வேற ஒருத்திய வச்சுக்கிட்டான், பிள்ளையும் இல்ல, இந்த மரங்களை விட்டா அவளுக்கு யாருமே இல்லன்னு. நாங்களும் பொம்பளைங்கதானே. மத்த மரத்தை எடுத்துக்கிடுங்க, அவ மரத்தை விட்டுருங்கன்னாரு. விட்டுட்டோம். போலே மகளே என்றாள், போலே சானா. இந்த ஊரில் கல் தடுக்கினவருக்கும் போலே, களைத்து வந்தவருக்கும் போலே, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் போலே. எட்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் போலே சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்கிறேனே என்று சொல்கிறார்கள் என நினைத்து நானும் அசட்டுச் சிரிப்போடு அஸாந்தே அஸாந்தே என்று நன்றி சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பது புள்ளி ஆறு. பத்தொன்பது புள்ளி ஆறு. காய்ச்சலில்தான் சொன்னேன். இரண்டாம் மாசம் எனக்கு மலேரியா, ஊருக்கு வெளியே அந்தத் தகர வீட்டில் நான் உதறிக்கொண்டு கிடந்தபோது ஆவுடை அண்ணன்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார், சங்கரன்கோவில்காரர், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள எங்கிருந்தோ சுண்டவத்தல் கொண்டுவந்தார், இந்த ஆப்பிரிக்காவில் சுண்டவத்தல், அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிட்டேன். என் தங்கைக்குத் தெரியாததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தென்காசியில் யாரோடு இருக்கிறார், நான் எப்போது கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த பிறகும் ஏன் ஒரு வருஷம் எதுவும் தெரியாததுபோல அவருக்குச் சோறு போட்டேன், எல்லாவற்றையும். அண்ணன் போர்வையை இழுத்துவிட்டு, இதெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும் பிள்ளே, நீ தூங்கு என்றார். எங்கிட்டயே. காய்ச்சல் இறங்கி நான் வேலைக்குத் திரும்புவதற்குள் பொம்பளைகளைக் கூட்டி உக்காரவைத்தாயிற்று. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள், இது ஊட்டின கையாலேயே செய்த ரெண்டகம், இதற்கென்று தமிழில் ஒரு பழமொழிகூடக் கிடையாது. தென்காசிக்காரர் என்னை ஏமாற்றியபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பாத்திரத்தை விட்டெறிந்தேன், நன்றாக நினைவிருக்கிறது, குக்கர் மூடி, அது சுவரில் பட்டுப் பிள்ளையார் படம் கோணியது. இப்போது கோபம் வரவில்லையே. ஏதோ ஒன்று காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. நான் ஒரு பரிதாபம். ஒரு ஊரே சேர்ந்து பாதுகாத்து வைத்த பரிதாபம், நெஞ்சுயரத்தில் மஞ்சள் கோடு போட்ட பரிதாபம்.

அந்தக் கோடே வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். இந்தத் தொழிலில் எழுத்துத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அளக்கிற இடம் எது என்று ஊருக்குத் தெரியக் கூடாது. வட்டத்தின் நடுவில் ஒரு இரும்புத் துண்டைப் புதைத்து வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், அடுத்த தடவை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அப்போதுதான் காட்டின் மற்ற இடங்களுக்கு என்ன நடக்கிறதோ அதுவே இந்த இடத்துக்கும் நடக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம், இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆவுடை அண்ணன்தான், கோடு இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்துல அளப்போம் பிள்ளே, எனக்கு நெஞ்சு வர்ற இடம் ஒனக்குக் கழுத்து, தப்பு வந்துரும்லா என்றார். தப்பு என்ற ஒரு சொல்லைக் காட்டினால் போதும், நான் எதற்கும் தலையாட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். மஞ்சள் பெயிண்டை நானே கலக்கிக் கொடுத்தேன். கடைசியில் பதம் பார்க்கிற அந்த ஒரு சோற்றை மட்டும் தனியாக வேகவைத்துப் பானையின் மேல் வைத்துவிட்டார். நான் எட்டு வருஷமாக அதை எடுத்து நசுக்கிப் பார்த்து, வெந்திருக்கிறது, நன்றாக வெந்திருக்கிறது என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தாறு புள்ளி ஐந்து. முப்பத்தாறு புள்ளி ஐந்து. போன தடவை இந்த மரம் முப்பத்துநாலும் சொச்சமும். வளர்ந்திருக்கிறது. பொய்யில்லை, இந்த மரம் வளர்ந்துதான் இருக்கிறது. இந்த வட்டத்துக்குள் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் கொடுமை.

சின்னத் தேனீக்கள் கண்ணில் மொய்க்கின்றன. கொட்டாத ஜாதி, கண்ணீர் குடிக்க வரும். இந்தக் காட்டில் எல்லாரும் எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் இருப்போம், யார் அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, நல்லதாகப் போயிற்று. புகை வாசனை வருகிறது. எப்போதும் வரும். எட்டு வருஷமாக வரும். என்னண்ணே புகை என்று கேட்டால், பக்கத்து ஊர்க்காரனுவ காட்டை அழிக்கானுவ பிள்ளே, நம்ம ஊரு பரவாயில்ல என்பார், நானும் எங்கள் ஊரைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரஜபு ரோட்டோரத்தில் கரி வாங்கிவருவான், ஆட்டுத் தொடையை உப்பு மட்டும் போட்டுச் சுடுவோம், ஆவுடை அண்ணன் அதற்கென்று ஊரிலிருந்து வரவழைத்த மிளகாய்ப்பொடியைத் தூவுவார், என்ன மணம், என்ன ருசி, கரி நின்று எரிகிறது, நல்ல மரத்துக் கரி என்று நானே சொல்லியிருக்கிறேன். நல்ல மரத்துக் கரிதான். நான் தின்றதும் இந்தக் காடுதான். ஒவ்வொரு வட்டத்துக்கும் போக ஒரே பாதை, ஈலியா முன்னால் நடந்து புதரை வெட்டிக் கொடுப்பான், இப்படிப் போ வதிவு, இங்கே சுத்தமா இருக்கு என்பான். ஈலியாவுக்குத் தெரியும். ரஜபுவுக்குத் தெரியும். வானத்திலிருந்து எடுக்கிற படங்களைப் பார்ப்பது ஆவுடை அண்ணன் பொறுப்பு, வெயில் காலத்தில் இலையுதிர்ந்த காடும் வெட்டின காடும் படத்தில் ஒரே நிறமாகத்தான் இருக்கும், அதில் ஒன்றும் பிடிபடாது பிள்ளே, நீ தரையில அளக்கியே, அதான் வேதம் என்பார். வேதம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று ஊரில் சொல்வார்கள், என்னை யாரும் கண்ணைக் கட்டவில்லை, எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் என் முன்னால் நட்டுவைத்தார்கள். மற்ற வட்டங்களும் இப்படித்தானா. மேட்டுக்கு அந்தப்பக்கம், ஓடைக்கு அந்தப்பக்கம், போகாதே யானை வரும், போகாதே சேறு. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு போகாதே இருந்தது. இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது.

முதல் வருஷம் மரங்களை வெட்டினோம். நாங்களேதான் வெட்டினோம். மரத்தின் எடை தெரிய வேண்டுமென்றால் வேறு வழியில்லை, ஒன்றிரண்டையாவது சாய்த்து, கிளை கிளையாக நறுக்கி, தூக்கி மாட்டி எடை போட்டு, வேரைத் தோண்டியெடுத்து மண்ணைத் தட்டி அதையும் போட்டு, துண்டுகளை அடுப்பில் காயவைத்து ஈரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டால் எடையைச் சொல்லிவிடலாம். அதில் பாதி கரிமம். அந்தக் கணக்கைக் காட்டிக் குளிர்நாட்டில் எவனோ தன் புகைக்குப் பாவமன்னிப்பு வாங்கிக்கொள்கிறான், காசில் ஒரு பங்கு இந்த ஊருக்கு வருகிறது. அன்றைக்கு ஒரு வேங்கையைச் சாய்த்தபோது, இங்கே ம்னிங்கா என்பார்கள், எனக்கு அது வேங்கைதான், வெட்டுவாயிலிருந்து சிவப்பாகப் பால் வடிந்தது, எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு அதைக் காய்ச்சித்தான் பொட்டு வைப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆவுடை அண்ணன் என் கையில் அந்தப் பாலை ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, இது ஒன்னு போனா மிச்சமெல்லாம் பொழைக்கும் பிள்ளே என்றார். அப்படிச் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். அது தேனீயா.

சொல்லாமல் விட்டால் என்ன. அதையும் நினைத்துப் பார்க்கிறேன், நினைத்துப் பார்க்காமல் இருக்க நான் ஒன்றும் புடம்போட்ட தங்கம் இல்லை. இந்த வட்டத்தோடு இந்தச் சுற்று முடிகிறது. இன்று மாலை எண்களை அனுப்பினால் காடு வளர்கிறது என்று மூன்றாம் தடவையும் ஆகும், ஊர் ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் வரும், நர்ஸ் இருப்பாள். மாமா பராக்காவின் மகளுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தபோது அந்த ஆஸ்பத்திரி இல்லையென்றால் இரண்டு உயிரும் போயிருக்கும். அந்தப் பேத்திக்கு என் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள், வதிவு என்று, ஊரில் எனக்குப் பிறக்காத பிள்ளைக்கெல்லாம் சேர்த்து ஒரு பிள்ளை. சொன்னால் அந்த ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள். என் வளர்ச்சிக் கோடு, மேடையேறிக் காட்டிக் கைதட்டு வாங்கின கோடு, அது கிழியும், என்னையும் சேர்த்துத்தான் கள்ளி என்பார்கள், எட்டு வருஷம் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாமலா என்பார்கள், நானே வேறொருத்தியைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் மேட்டுக்கு அந்தப்பக்கம் வெயில் விழுந்துகொண்டே இருக்கும், நான் சுற்றுக்குச் சுற்று வந்து குடுமியை அளந்துவிட்டுத் தலை நிறைய முடி என்று எழுதுவேன். ஒரு வருஷம் சோறு போட்டேனே, எதுவும் தெரியாததுபோல, சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டுக் கேட்டு. எனக்கு அது பழக்கம். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது, அவர் செய்ததைவிட. என் வாய். இருபத்திரண்டு புள்ளி ஏழு என்கிறது, கேட்டீர்களா, இருபத்திரண்டு புள்ளி ஏழு, அதுபாட்டுக்கு. பார்த்துவிட்டு வந்தபின் எத்தனை மரத்துக்குத் திருப்பிச் சொல்லிவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இப்படியே சாயங்காலம்வரை சொல்லிவிடுவேன், இப்படியே ஓய்வுபெறும்வரை சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.

கடைசி மரம். வட்டத்தின் விளிம்பில், மேட்டுப் பக்கம், பெரிய வேங்கை. ஆவுடை அண்ணன் மரத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டார், டேப்பைச் சுற்றிக் கொண்டுவரும் இரண்டு கைகள் மட்டும் எனக்குத் தெரிகின்றன, மஞ்சள் கோட்டின் மேல் சரியாக, நெஞ்சுயரத்தில். கவனமான கைகள். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கோட்டைவிட்டு ஒரு விரல் மேலே கீழே போனதில்லை. அரோபைனி நா ஸபா என்று கூவுகிறார். நாற்பத்தேழு. புள்ளி இரண்டு. நான் வாயைத் திறக்கிறேன். திறந்த வாய்க்குள் ஒரு தேனீ போகிறது, துப்புகிறேன். ஈலியா என்னைப் பார்க்கிறான். நாற்பத்தேழு புள்ளி இரண்டு என்று மறுபடி, இன்னும் சத்தமாக. நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, தும்மலை அடக்குகிற மாதிரி இருக்கிறது. கைகள் அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

"என்ன பிள்ளே, காது அடைச்சுக்கிட்டா? நாப்பத்தேழு புள்ளி ரெண்டு. எறும்பு ஏறுது, சீக்கிரம் சொல்லு."

"மாமா பராக்காவப் பாத்தேன்ணே."

கைகள் அசையவில்லை. காற்று இல்லை. செஞ்சாந்துத் தளிர்கள் சும்மா நிற்கின்றன. அவளை யாருக்குத் தெரியாது, நல்லாருக்காளா என்று கேட்கலாம், பேத்தி நடக்குதா என்று கேட்கலாம், மாம்பழம் தந்தாளா என்று கேட்கலாம். கேளுங்களேன் அண்ணே. நான் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு, கும்பிடாத குறையாக, கேளுங்கள் கேளுங்கள் என்று நினைக்கிறேன்.

"எங்க வச்சு?" என்கிறார்.

அவ்வளவுதான். எட்டு வருஷமும் அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோகிறது. பிறகு மரத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்தே பேசுகிறார், முகத்தைக் காட்டாமல், என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டே. ஒனக்காகத்தான் பிள்ளே என்கிறார். நீ ஊருக்குத் திரும்பிப் போயி யார் மொகத்துல முழிப்பேன்னு நெனச்சேன். அதுவளும் பொழைக்கணும்லா, கரி போடாம எப்படித் திங்கும். எல்லாத்துக்கும் நல்லதாத்தான செஞ்சேன், யாருக்கு என்ன கெட்டுப்போச்சு. நான் ஒத்த ரூவா தொடல, எம்பிள்ளைக மேல சத்தியம். நான் நம்புகிறேன். அதுதான் பாருங்கள், நான் நம்புகிறேன், அவர் ஒன்றையும் தொட்டிருக்க மாட்டார். தொட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், குக்கர் மூடியை எறிந்திருக்கலாம். நான் கேட்கிறேன், என் வீட்டுக்காரர் கதைய எதுக்குண்ணே சொன்னீங்க. மரப்பட்டையில் எறும்பு ஒன்று அவர் விரலில் ஏறி, மணிக்கட்டுக்குப் போய், சட்டைக்குள் நுழைகிறது. அவர் தட்டிவிடவில்லை.

பூஜ்ய முனையைக் கீழே போட்டேன். நடுவில் நிற்கிறவள் வட்டம் முடியாமல் முனையைக் கீழே போடக் கூடாது, அதுவும் என் சட்டம்தான். பையிலிருந்து மாற்று டேப்பை எடுத்துக்கொண்டு, ஈலியா பிடித்திருந்த கோட்டைத் தாண்டி, வேங்கையைத் தாண்டி, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மேடேறினேன். தரையைப் பார்க்கவில்லை. பாம்பு இருந்தால் இருக்கட்டும். உச்சியில் வெயில் மறுபடி தலையில் விழுந்தது. முதல் அடிக்கட்டை, மழுங்கிப்போன பழைய வெட்டு, அதன் முன்னால் மண்டியிட்டு டேப்பைச் சுற்றினேன். நெஞ்சுயரம் என்று எதுவும் இல்லை, முழங்கால் உயரத்தில்தான் அளக்க வேண்டும், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அடிக்கட்டையிலிருந்து போன மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எண்ணைப் பார்த்தேன். கனைத்துவிட்டுக் கூவினேன். ஹம்ஸினி நா தாத்து. ஐம்பத்துமூன்று. இங்கே நின்ற ஒரு மரம் எங்கள் வட்டத்தின் எல்லா மரத்தையும்விடப் பெரிசு. யாரும் திருப்பிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லாதவரை எடுக்கக் கூடாது, நான் மண்டியிட்டபடியே டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூவினேன். எண் நகர்ந்துவிடுமோ என்று டேப்பை இறுக்கிப் பிடித்தேன்.

ஹம்ஸினி நா தாத்து என்று ஒரு குரல் வந்தது. கரிமூட்டத்துப் பக்கத்திலிருந்து. மாமா பராக்கா இடுப்பில் கைவைத்து நின்று, எட்டு வருஷமாக மேட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து எங்கள் கூவலைக் கேட்டுக் கேட்டு இந்த விளையாட்டின் முறையெல்லாம் தனக்கும் தெரியும் என்ற பெருமையோடு, எனக்குத் தனியாக வேலை செய்யத் துணையில்லையே என்று இரக்கப்பட்டு, என் எண்ணை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். அடுத்தது சொல்லு மகளே என்கிறாள். நான் டேப்பை அவிழ்த்துக்கொண்டு அடுத்த அடிக்கட்டைக்குப் போனேன்.